ஆயர் மாறினும் ஆண்டவர் மாறார்

(பங்கின் பொன்விழா நன்றித் திருப்பலியில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



வரும் மாதம் இப்பங்கிற்குப் புதிய பங்குத் தந்தை வருகிறார். செய்தி எட்டியதும் அன்பியக் கூட்டங்களில் கண்ணீர் வந்தது. பின்னாலேயே ஒரு மனுவும் வந்தது. "இன்னும் ஓராண்டு" என்று கேட்க ஆயர் இல்லத்திற்கு வேன் பிடித்துப் போகவும் ஏற்பாடாம். உங்கள் அன்பை நாம் அறிவோம். ஆயினும் அந்த மனுவைச் சற்று மடித்து வைத்துவிட்டுச் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

2007ஆம் ஆண்டு சனவரியில் நம் கோட்டாறு ஆயர் மேதகு லியோன் தர்மராஜ் திடீரென இறையடி சேர்ந்தார். திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரை அடுத்து ஆயரின் பெயரைச் சொல்வது வழக்கம். ஆயர் இல்லாத காலத்தில் அவ்விடத்தில் பெயர் கிடையாது. ஆனால் பழகிய நாக்கு பெயரைத் தொடங்கிவிடும், பாதியில் நிறுத்துவோம். உங்களுக்கு அது ஒரு நொடி. பீடத்தில் நின்ற எங்களுக்கோ காலடியில் படி ஒன்று இல்லாமற்போனது போல் இருந்தது. இனி என்னவாகுமோ என்று அஞ்சினோம்; அதை மறைப்பானேன்? 2025இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்த ஏப்ரல் 21 முதல், பதினான்காம் லியோ தேர்வான மே 8 வரை, அதே வெற்றிடம் உலகம் முழுவதிலும் இருந்தது.

ஆயர் பீடம் வெறுமையாகும்போது புதுமை எதுவும் புகுத்தலாகாது என்பது திருச்சபைச் சட்டம். வீட்டுத் தலைவர் இல்லாத வேளையில் தூணை இடித்துக் கட்டாதே என்பதுதான் பொருள். அன்றாடப் பணி நடக்கட்டும், மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். அப்படியே நடந்தது. அவ்வாண்டிலேயே மேதகு பீட்டர் ரெமிஜியூஸ் நமக்கு ஆயரானார்.

நம் அண்டை வீட்டாரின் காத்திருப்போ இன்னும் நீண்டது. 1930 முதல் கோட்டாறு என்ற ஒரே குடும்பமாயிருந்து, 2014 டிசம்பரில் தனி மறைமாவட்டமானது குழித்துறை. அதன் முதல் ஆயர் மேதகு ஜெரோம் தாஸ் 2020 சூனில் பதவி விலகினார். கொரோனா நம் கோவில் கதவுகளைச் சாத்தியிருந்த காலம் அது. மதுரைப் பேராயர் அந்தோணி பாப்புசாமி திருத்தூது நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். புதிய ஆயராக மேதகு ஆல்பர்ட் அனஸ்தாஸ் அறிவிக்கப்பட்டது 2024 சனவரியில். மூன்றரை ஆண்டுகள்! அதற்காகக் குழந்தைகள் பிறக்காமல் இருந்தார்களா? திருமுழுக்கு நின்றதா? கோவில்கள் திறந்தபின் சிறுவர்கள் மறைக்கல்விக்கு வராமல் இருந்தார்களா?

சவேரியாரையே எண்ணிப் பாருங்கள். 1544 இறுதியில் நம் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாக அவரே கடிதத்தில் எழுதுகிறார். மறு ஆண்டே மலாக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார். (அன்று மனு எழுதியிருந்தால் கப்பலில்தான் அனுப்பியிருக்க வேண்டும்.) தமிழில் எழுதிய செபங்களை ஊர்களில் விட்டு, கற்பிக்கக் கணக்கப்பிள்ளைகளையும் வைத்துப் போனார். குரு முகம் காணாத மாதங்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் அந்தக் கணக்கப்பிள்ளைகளும், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்த தாய்மாரும்தாம். நீங்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

யோசுவா நூலின் முதல் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். ஆண்டவர் யோசுவாவுக்குத் தைரியம் சொல்லுமுன், மோசே இறந்துவிட்டார் என்ற உண்மையைத்தான் முதலில் சொல்கிறார். அழுகையைத் தடுக்கவில்லை, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லவும் விடவில்லை. பலரும் கவனிக்காத ஒன்று அதிகாரத்தின் இறுதியில் வருகிறது. அங்கே, திடங்கொள்ளும்படி யோசுவாவிடம் சொல்கிறவர்கள் மக்கள்! தலைவருக்குத் தைரியம் சொல்வதும் மக்களின் திருப்பணியே.

வருகிறவரும் அஞ்சித்தான் வருவார். நாம் இங்கு வந்த முதல் இரவில் மழையோடு மின்சாரமும் போயிற்று, ஒருவரையும் தெரியாது. அரிக்கன் விளக்கோடு வந்த ஒரு பாட்டி, "சாமி, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்ல" என்றார். குருமடத்தில் படித்த இறையியல் முழுவதும் சேர்ந்து தராத தெம்பை அந்தச் சொல் தந்தது.

ஆகவே, புதியவரிடம் "முந்தின சாமி இப்படிச் செய்தார்" என்று முதல் ஆறு மாதமாவது சொல்லாதீர்கள். மனு எழுதிய தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதில் வரவேற்பு மடல் எழுதலாம். மனைச் சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும்போது, வீடுகளைக் காட்ட இளைஞர் ஒருவர் அவருடன் போகட்டும். அந்த அரிக்கன் விளக்குப் பாட்டிக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கட்டிலருகே குனிந்து, உரத்துப் பேசச் சொல்லுங்கள்.