மாநகராட்சி வந்தது; மண்வெட்டிக்கு வேலை எங்கே?

(புதுக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மில்லில் ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்தவர்கள் பாதிப் பேர். வயலில் கரையேறி, வீட்டில் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் மறு பாதிப் பேர். எல்லோருக்கும் களைப்பு. ஆகையால் பேச்சை வளர்த்தப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கப் போகிறோம். நமது ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. அந்த மாநகராட்சி எந்தக் காரியத்தை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்று முடிவு கட்டுவது யார்? அந்த முடிவில் நமக்கு என்ன பாத்தியதை?

இந்த ஊரில் முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1878-ஆம் ஆண்டு முதல் 1894 வரை திவானாக இருந்தவர் சேஷையா சாஸ்திரி. தெருக்களை நேராக்கினார், குளங்களைச் சீர்படுத்தினார். நல்ல காரியம்தான். ஆனால் மண் சுமந்த கூலிக்காரனைக் கேட்டு அவர் எதையும் செய்யவில்லை. கேட்க வேண்டும் என்கிற ஏற்பாடும் அன்றைக்கு இல்லை. 1912-இல் புதுக்கோட்டை நகராட்சி ஆயிற்று. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974 ஜனவரியில் தனி மாவட்டம் ஆனோம். 2024 ஆகஸ்டு 12-ஆம் தேதி மாநகராட்சி உதயமாயிற்று. சுற்றியிருந்த 11 ஊராட்சிகளை நகரத்தோடு சேர்ப்பது என்பது அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. கவிநாடும் திருக்கட்டளையும் அவற்றில் உண்டு.

மாநகராட்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, ஆஸ்பத்திரி எல்லாம் வரட்டும். பணக்காரனுக்குக் கார் இருக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் ராத்திரி ஷிப்டுக்குச் சைக்கிள் மிதிப்பவர்கள் நாம்தான். நல்ல ரோட்டின் அருமை நமக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் ஒன்றைக் கொடுக்கிற கை இன்னொன்றைப் பிடுங்கிக் கொண்டு போனால், அதைக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா?

போனது என்ன?

கணக்கைப் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டில் வந்த கிராமப்புற வேலை உறுதிச் சட்டம் வீட்டுக்கு நூறு நாள் வேலை என்றது. 2024–25-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 31,900 ரூபாய். நூறு நாளும் கிடைத்ததா, முழுக் கூலியும் கைக்கு வந்ததா என்பது உங்களுக்கே தெரியும். கிடைத்தது குறைவாக இருந்தாலும், அறுவடை இல்லாத மாதங்களில் அடுப்பு எரிந்தது அந்தக் காசில்தான். கடன்காரன் வாசலில் நிற்காமல் தடுத்ததும், பண்ணையாரிடம் போய் “கொடுக்கிற கூலியைக் கொடுங்கள்” என்று கைகட்டி நிற்காமல் காத்ததும் அந்த வேலைதான்.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் என்று அது சொல்லுகிறது; செலவில் பெரும்பாலான மாநிலங்கள் நூற்றுக்கு நாற்பது பங்கு போட வேண்டும் என்றும் சொல்லுகிறது. அதைப் பற்றித் தனியே பேச வேண்டியது நிறைய இருக்கிறது. இன்றைக்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும் கிராமத்துக்குத்தான். ஊராட்சி மாநகராட்சியில் கரைந்த அன்றே வேலை அட்டை செல்லாக் காசு.

நேற்று வரைக்கும் மண்வெட்டி பிடித்த அம்மா இன்றைக்கும் அதே மண்வெட்டியோடுதான் நிற்கிறாள். அவள் வயல் மாறவில்லை, வயிறு மாறவில்லை. மாறியது காகிதத்தில் ஊரின் பெயர் மாத்திரமே. காகிதத்தில் நகரவாசி ஆனதால் அவளுக்கு மில்லில் வேலை கிடைத்ததா? ஆபீசில் நாற்காலி கிடைத்ததா?

இன்னொன்றும் போயிற்று. கிராம சபை! அந்த ஊரில் ஓட்டு உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையில் உறுப்பினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கூட்டம் போட்டே ஆக வேண்டும். அங்கே பெரிய மனிதர்களின் ஆதிக்கம் இருந்தது உண்மை. ஆனாலும் எழுந்து நின்று “வரவு செலவைக் காட்டு” என்று கேட்கச் சட்டம் இடம் கொடுத்தது. நகரத்துக்கு வார்டு கமிட்டி, பகுதி சபா என்று 2022-இல் விதிகள் வந்தன. அவை பெயரளவில் நின்றுவிட்டால், கிராம சபை போன இடம் வெற்றிடமாகத்தான் இருக்கும்.

ஓட்டுக் கதையையும் கேளுங்கள். நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். 42 வார்டுகளில் அன்று ஜெயித்தவர்களே மாநகராட்சி பிறந்தபோது மாமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள். 11 ஊராட்சி மக்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. அவர்கள் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் காலமோ 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. ஆக, தாங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத மன்றம் இவர்களுடைய தண்ணீரையும் வரியையும் விளக்கையும் தீர்மானிக்கிற நிலைமை உண்டாயிற்று. கல்யாணத்துக்கு வரி வைத்தவனைப் பந்தியில் உட்கார விடாதது போல ஆயிற்று!

தீர்மானம் எங்கே பிறக்கிறது?

மன்றம் எப்படி முடிவு செய்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டம் கூடுவதற்கு முன்பே அஜெண்டா என்கிற காகிதக் கட்டு கவுன்சிலர்களுக்குப் போகிறது. அதில் இன்ன தெருவுக்குச் சிமெண்டு ரோடு, இன்ன இடத்தில் கடை ஏலம், இன்ன வேலைக்கு இன்ன டெண்டர் என்று வரிசையாக எழுதியிருக்கும். மேயரும் அதிகாரிகளும் அந்த வரிசையைத் தயார் செய்கிறார்கள். கமிஷனர் சர்க்கார் நியமிக்கிற அதிகாரி. அவசரம் என்று சொல்லி முன் அனுமதியில் முடித்த வேலைகளும் பிறகு ஏற்புக்கு வரும். கூட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வாசிப்பார்கள், “நிறைவேறியது” என்பார்கள். பத்திரிகையில் மறுநாள் வருவது வாக்குவாதம்; நடைமுறைக்கு வருவது அஜெண்டா.

நமக்குச் சாக்கடை வரவில்லை என்று தெரிகிறபோது அந்தத் தீர்மானம் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும். ஆகவே தீர்மானம் ஆன பிறகு மனுக் கொடுப்பதைக் காட்டிலும், அஜெண்டா தயாராகும்போதே கதவைத் தட்ட வேண்டும். இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எது?

கதவைத் தட்டினால் என்ன கேட்பது? நான்கு காரியங்களை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, வேலை. தமிழ்நாட்டில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று ஒன்றை 2022-இல் பரீட்சார்த்தமாகச் சில நகரங்களில் தொடங்கினார்கள். குளம் தூர்வாருதல், வாய்க்கால் வெட்டுதல், மரம் நடுதல் ஆகிய வேலைகளை உடலுழைப்பால் செய்வது அதன் நோக்கம். புதுக்கோட்டையில் குளத்துக்கா பஞ்சம்? புதுக்குளம் இருக்கிறது. பல்லவன் குளம் இருக்கிறது. கவிநாட்டுக் கண்மாய் இருக்கிறது. மெஷினை இறக்கிக் காண்டிராக்டருக்குப் பில் போடுவதற்கு முன்னால், இணைந்த ஊர்களின் கைகளுக்கு அந்த வேலையைக் கொடு என்று மாமன்றம் தீர்மானம் போட வேண்டும். அதற்கான பணத்தைச் சர்க்காரிடம் கேட்டுப் போராட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். நமது மாவட்டம் வானம் பார்த்த பூமி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது என்றாலும், குழாயின் கடைசியில் இருக்கிற தெருவுக்குக் கடைசியில்தான் வரும். அந்தக் கடைசித் தெரு பெரும்பாலும் சேரியாகவும் காலனியாகவும்தான் இருக்கும். இதே மாவட்டத்தில் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடித்த தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமையை நாடே அறியும். தண்ணீர் வெறும் குழாய் விவகாரமல்ல, மானத்தின் விவகாரம். ஆகையால் முதல் குழாய் கடைசித் தெருவுக்கு என்று தீர்மானம் வரட்டும்.

மூன்றாவது, ஊரைச் சுத்தம் செய்கிறவர்களின் கூலி. மாநகராட்சிகளில் பல பணிகளை வெளியாள் முறைக்குத் தள்ளுவதற்கு 2022 அக்டோபரில் வந்த 152-ஆம் எண் அரசாணை வழி திறந்தது. இதன் விளைவு எங்கே போய் முடியும் என்பதைச் சென்னையில் பார்த்தோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று 2025 ஆகஸ்டு 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். நமது ஊரின் குப்பையை அள்ளுகிற சகோதரியும் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிற தோழரும் ஒரே வர்க்கம். அவளுடைய கூலியில் காண்டிராக்டர் கை வைத்தால் நாளைக்கு நமது கூலியிலும் ஒருவன் கை வைப்பான்.

நான்காவது, வரி. 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினபோது, சென்னையின் பழைய பகுதி நீங்கலாக மற்ற நகரங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 25, 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 100 என்று ஏற்றினார்கள். பெரிய வீட்டுக்கு அதிகம் என்கிற கொள்கை சரி. ஆனால் கூலி வீட்டுக்கு 25 கூடச் சுமைதான். நேற்று வரை கிராமமாக இருந்த இடத்தில், ரோடும் தண்ணீரும் வருவதற்கு முன்னால் நகரத்து வரிச்சீட்டு வரலாமா?

முடியாது என்பவர்களுக்கு

“மன்றத்துக்கு அதிகாரம் ஏது? பணம் எல்லாம் மேலிருந்து வர வேண்டும்” என்று சிலர் சொல்லுவார்கள். பாதி உண்மை. அதிகாரம் குறைவு; நிதியும் குறைவு. ஆனால் மனம் இருந்தால் ஒரு ஸ்தல ஸ்தாபனம் என்ன செய்ய முடியும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு.

1920-இல் தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. ஓரணாத் தீர்மானம்! இன்றைக்குத் தமிழ்நாடு முழுதும் பிள்ளைகள் சாப்பிடுகிற மத்தியானச் சோற்றுக்கு அதுவே முன்னோடி.

லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த பாப்ளார் என்ற பகுதியின் நகரசபை, தன் ஊழியர்களுக்கு, ஆண் பெண் பேதமின்றி, வாரத்துக்கு 4 பவுன் குறைந்தபட்சக் கூலி என்று வைத்தது. 1921-இல் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. ஏழைப் பகுதியின் நிவாரணச் செலவை அந்த ஏழைப் பகுதியே சுமக்க வேண்டும். லண்டன் பொது நிர்வாகத்துக்கும் பணக்காரப் பகுதி கொடுப்பது போலப் பணம் கட்ட வேண்டும். முதலில் எங்கள் ஜனங்களின் ரொட்டி, பிறகு உங்கள் பாக்கி என்று ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் நகரசபை தீர்மானித்தது. கவுன்சிலர்கள் முப்பது பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. சிறைக்குள்ளேயே நகரசபைக் கூட்டம் நடந்தது! ஆறு வாரத்தில் விடுதலை. அந்த ஆண்டே நிவாரணச் சுமையை லண்டன் முழுதும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் வந்தது.

மேலே அதிகாரம் இல்லாதவர்கள்தான் அவர்களும். ஆனால் கீழே ஜனங்கள் அவர்களோடு இருந்தார்கள். மன்றத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது

தோழர்களே! ஒவ்வொரு தெருவிலும் ஐந்து பேர் சேருங்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். கவுன்சிலரிடம் போய் அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவைக் கேளுங்கள். பழைய தீர்மானங்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். எந்தத் தெருவுக்கு எவ்வளவு போயிற்று என்று பட்டியல் போடுங்கள். மில் கேட்டிலும் நடவு வயலிலும் அந்தப் பட்டியலை உரக்க வாசியுங்கள். பகுதி சபா கூடுகிறதா என்று பாருங்கள். கூடாவிட்டால் ஏன் கூடவில்லை என்று கேளுங்கள்.

படிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்களா? 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, வயல்வேலை முடிந்த கையோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சிலேட்டைப் பிடித்தார்கள், சைக்கிள் ஏறினார்கள். ஊர் சிரித்தது, அவர்கள் இறங்கவில்லை. அந்தத் தாய்மார்கள் பலர் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் அன்று படித்த எழுத்து கையெழுத்துப் போடுவதற்கு மாத்திரம் அல்ல. அஜெண்டாவைப் படிப்பதற்கும்தான்.

அடுத்த மாமன்றக் கூட்டம் என்றைக்கு என்று நாளைக் காலையிலேயே விசாரியுங்கள். அந்தத் தேதியை வீட்டுச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வையுங்கள். அதற்கு முன்பே நமது நான்கு கோரிக்கைகளும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.