உட்கார்ந்து போட்ட கணக்கு

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை. பொதுக்காலத்தின் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் ஒரு கோபுரத்தைப் பற்றிப் பேசுகிறார். கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடித்தளத்தோடு வேலை நின்றுபோகும், பார்ப்பவர்கள் ஏளனம் செய்வார்கள் என்கிறார். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபுரம் நினைவுக்கு வருவதில்லை. ஒரு கார் நினைவுக்கு வருகிறது. நாலு கட்டைகளின்மேல், சக்கரங்கள் கழற்றப்பட்டு நின்ற ஒரு சின்ன சிவப்புக் கார்.

நான் 2016 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் வடபகுதியில் ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கே பீடப்பணியாளனாக இருந்த ஒரு பையன். நான் போனபோது அவனுக்கு வயது பதினெட்டு. பெயர் வேண்டாம். இந்தக் கதையைச் சொல்ல அவனிடமே அனுமதி கேட்டுவிட்டேன். இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதும் அல்ல, அவன் வீட்டுக் கார் கொட்டகையில் எண்ணெய்க் கறை படிந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டது. சிலர் கடிதம் எழுதிக் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அவன் மளிகைக் கடையில் பகுதிநேர வேலை செய்து 2,800 டாலர் சேர்த்து, அடுத்த ஆண்டு ஒரு பழைய காரை வாங்கினான். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் செய்த மியாட்டா, 1990ஆம் ஆண்டு மாடல். காருக்கு அவனைவிட எட்டு வயது அதிகம். இரண்டே இருக்கை. துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். விளக்கைப் போட்டால் முகப்பு விளக்குகள் தவளைக் கண்போல மேலே எழும்பும். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டியபோது பெரிய வரவேற்பு. பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களைப் போன்ற உருவம், ஆனால் நம்பி ஓட்டலாம் என்பதே அதன் பேர். 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரைத்திறன். இன்று பெரிதல்ல. ஆனால் காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மியாட்டா என்றால் பழைய ஜெர்மன் மொழியில் வெகுமதி என்று பொருளாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அவன்தான். மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை வரிசையாகச் சொல்லத் தடுமாறியவன், இந்தக் காரின் வரலாற்றை மூச்சுவிடாமல் சொன்னான்.

வாங்கிய வாரமே என்னை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனான். அக்டோபர் மாதம். மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன. குளிரில் எனக்குக் காது விறைத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன், தரையோடு தரையாக உட்கார்ந்து அப்படிப் போவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நம் ஊரிலும் பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கை வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் தம்பிகள் உண்டு. ஒரு பொருளை நேசித்துப் பழுது பார்க்கிற கைகளை நாசரேத்தூர்த் தச்சருடைய மகன் ஒருநாளும் ஏளனம் செய்திருக்கமாட்டார்.

தப்பு எங்கே தொடங்கியது? வரிசையில். பழைய கார் வாங்கினால் முதலில் டைமிங் பெல்ட், பிரேக், குழாய்கள், அடிப்பக்கத் துரு, இவற்றைப் பார்க்க வேண்டும். வெளியே தெரியாத வேலைகள். செய்தாலும் யாரும் பாராட்டமாட்டார்கள். அவன் முதலில் வாங்கியது அலாய் வீல். பிறகு காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். பிறகு உறுமுகிற சைலன்சர். கையில் காசு இல்லை. கிரெடிட் கார்டு இருந்தது. ஸ்பிரிங்கை அளவுக்கு மீறித் தாழ்த்தியதால் சின்னப் பள்ளத்திலும் முதுகெலும்பு அதிர்ந்தது. வளைவில் திரும்பினால் டயர் உள்பக்கம் உரசிக் கருகல் வாடை வந்தது. வேகத்துக்காக வாங்கிய பொருள்களால் கார் முன்பைவிட மெதுவாகத்தான் போயிற்று. ஆனால் நிறுத்தி வைத்திருக்கும்போது பார்க்க அழகு!

குளிர்காலம் வந்தது. ஒஹாயோவில் பனி உறையாமலிருக்கச் சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள். உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடலோரத்தில் வாழும் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காரில் இன்னொரு சங்கதியும் உண்டு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைதழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற பகுதியில் தேங்கி, உள்ளிருந்து தின்னும். ஒருநாள் ஜாக்கி வைத்துத் தூக்கினான். கார் தூக்கவில்லை, ஜாக்கிதான் தகரத்துக்குள் புகுந்தது. விற்றவர் ஓட்டையில் பட்டி பார்த்து, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 1,200 டாலர். அதுவும் கிரெடிட் கார்டில்.

அடுத்த கோடையில் இன்ஜின் இழுவை குறைந்தது. நின்றால் நடுங்கியது. பானட்டைத் திறந்து பார்த்தால், கிராங்க் ஷாப்ட் முனையில் சுழலும் புல்லி நேராகச் சுற்றாமல் தள்ளாடியது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தப் புல்லியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு போல்ட். அதோடு ‘கீ’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் விரல்நுனி அளவு இரும்புத் துண்டு. 1990, 91இல் வந்த முதல் இன்ஜின்களில் அந்த ஷாப்ட் முனை சற்றுக் குட்டை, பிறகு நீளமாக்கிவிட்டார்கள். குட்டை முனை உள்ள கார்களும் இரண்டு லட்சம் மைல் ஓடியிருக்கின்றன, போல்ட்டை முறையாக முறுக்கியிருந்தால். இந்தக் காருக்கு முன்பு பெல்ட் மாற்றிய யாரோ ஒரு மெக்கானிக், கடைசிச் சுற்று முறுக்காமல் போய்விட்டார். சாப்பாட்டு நேரமோ, அவசரமோ தெரியாது. அரைச் சுற்று. அந்தத் தளர்வில் கீ கொஞ்சம் கொஞ்சமாக ஆடி, ஷாப்ட்டில் தான் உட்காரும் பள்ளத்தைத் தின்றுவிட்டது.

சரியான வைத்தியம் இன்ஜினை மாற்றுவது. ஏழை வைத்தியம் ஒன்று உண்டு: புதுக் கீயை இரும்பு ஒட்டும் பசையில் பதித்து, ஒருநாள் முழுக்க உறைய விட்டு, போல்ட்டைச் சரியான அளவில் முறுக்குவது. சில கார்களில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சிலவற்றில் நிற்காது. அவன் அதைத்தான் செய்தான். கார் சக்கரமில்லாமல் கட்டைமேல் நின்ற அந்த மூன்று வாரமும் எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில், “இன்னும் பறக்கவில்லையா?” என்று கேட்பாராம். நற்செய்தியில் வரும் ஏளனம் அச்சு அசலாக அப்படியே.

கார் ஓடியது. அதற்குள் கிரெடிட் கார்டில் கடன் 3,600 டாலர். வட்டி நூற்றுக்கு 24. மாதம் 72 டாலர் வட்டிக்கே. அப்பாவுக்குத் தெரியாது. அப்பா பிளம்பர், குறைவாகப் பேசுகிறவர், கடன் என்ற சொல்லே பிடிக்காதவர். கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க ஆறு ஆண்டு ஞாயிறுதோறும் வேலைக்குப் போனவர். பையன் முடிவு செய்தான்: காரை 4,500க்கு விற்றால் கடனும் தீரும், அப்பாவுக்கும் தெரியாமல் போகும். விளம்பரம் கொடுத்தான். ஒரு பையன் தன் தாயோடு வந்தான். பதினெட்டு வயது இருக்குமாம். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெயிண்டைத் தடவினான். பணத்தோடு மறுநாள் வருகிறோம் என்று போனார்கள்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டான். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“ஃபாதர், அந்தப் போல்ட்டைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டுமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே.”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “அவர்கள் கேட்டார்களா?” என்று கேட்டேன். “கேட்கவில்லை” என்றான். “பழைய கார் என்றால் வாங்குகிறவர்தானே மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்க வேண்டும்” என்றேன். அவன் கடனை நினைத்து இரக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், அவன் விரும்பிய பதிலைக் கொடுத்துவிட்டு எழுந்து வருவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இரவு தூக்கம் வரவில்லை. என் அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் வீட்டில் ஒரு காளை இருந்தது, சண்டி மாடு. பாதி உழவில் படுத்துக்கொள்ளும். வாலை முறுக்கினாலும் எழாது. அப்பா அதைச் சந்தையில் விற்றார். வாங்கியவர் பல்லைப் பிடித்துப் பார்த்தார், சுழி பார்த்தார், விலை பேசினார். ஏரில் எப்படி என்று கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு அப்போது பத்து வயது. வாங்கியவர் எங்கள் பங்கின் கிளைக்கிராமத்துக்காரர். அதற்குப் பிறகு எத்தனையோ திருவிழாக்களில் எங்கள் குடும்பம் இருக்கும் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அப்பா நல்லவர்தான். ஆனால் அந்த மனிதர் வருகிற பூசைக்கு அப்பா பின்வரிசைக்குப் போய்விடுவார்.

விடிந்ததும் பையனுக்குப் போன் செய்தேன். “நேற்று நான் சொன்னது தவறு, தம்பி. சொல்லிவிடு” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான்: “நேற்று ராத்திரியே போன் செய்து சொல்லிவிட்டேன், ஃபாதர். நீங்கள் சொன்னதும்தான், அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது.”

மறையுரை மேடையிலிருந்து நான் பெற்ற பாராட்டுகளையெல்லாம் இந்த ஒரு வாக்கியம் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டது, நேயர்களே.

அந்தத் தாய் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டார். திரும்ப வரவில்லை. மூன்று வாரம் விளம்பரம் இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் போல்ட்டைப் பற்றிச் சொன்னான். 1,500க்கு மேல் ஒருவரும் போகவில்லை. அப்படியென்றால் கடன் தீராது. கடன் தீராவிட்டால் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

இங்கே நற்செய்திக்கு ஒரு நிமிடம் வருகிறேன். ஆண்டவர் “உட்கார்ந்து” கணக்குப் பார்ப்பவரைப் பற்றிப் பேசுவதைக் காசுபண விவகாரமாகவே நாம் பிரசங்கம் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். இந்தப் பையன் தொடக்கத்தில் உட்காரவில்லை, அதனால் பட்டான். ஆனால் போன் செய்த அந்த இரவு அவன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தான். உண்மையைச் சொன்னால் கார் விலை போகாது, கடன் நிற்கும், அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தான். தன் பின்னே திரளாக வந்தவர்களைப் பார்த்து ஆண்டவர் செலவைப் பற்றிப் பேசியது, இப்படிப்பட்ட கணக்கை நினைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவிடம் இரவுச் சாப்பாட்டு மேசையில் சொன்னான். அவர் ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்துவைத்துவிட்டு, டார்ச்சோடு கொட்டகைக்குப் போய், பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தாராம். இவன் வாசலில் நின்றான். அவர் கேட்ட முதல் கேள்வி: “பசையை எத்தனை மணி நேரம் உறையவிட்டாய்?” 24 மணி நேரம் என்றான். “போல்ட்டை யாருடைய டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினாய்?” உங்களுடையதுதான் என்றான். தலையாட்டினாராம். பிறகு, “சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேனில் இரு” என்றார்.

பதினான்கு மாதம். சனிக்கிழமைதோறும் அப்பாவோடு அடைத்த குழாய்களைத் திறக்கப் போனான். முதல் நாலு மாதம் வேனில் ரேடியோ மட்டும்தான் பேசும் என்று சொன்னான். அப்பாவே கடனை ஒரே நாளில் அடைத்திருக்கலாம், ஏன் அடைக்கவில்லை என்று பங்கில் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைகள் தண்டனையா, வேறு ஏதாவதா என்பது அந்த வேனுக்குள் இருந்த இருவருக்குத்தான் தெரியும்.

கார் விலைபோகவில்லை, அவனிடமே நின்றுவிட்டது. உறுமும் சைலன்சரைக் கழற்றி விற்றான். ஸ்பிரிங்கை ஒரு அங்குலம் உயர்த்தினான். புல்லியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, மாதம் ஒருமுறை இன்ஜினை ஓடவிட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று இருவரும் குனிந்து பார்ப்பார்கள்.

நான் இந்தியா திரும்பிய நாளில் விமான நிலையத்துக்கு அந்தக் காரில்தான் போனேன். அவன் பிடிவாதமாக நின்றான். மியாட்டாவின் டிக்கியில் என் பெட்டி ஒன்றுகூட நுழையவில்லை. அதனால் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அவனுடைய அப்பா வேனில் பின்னால் வந்தார். நெடுஞ்சாலையில் இவன் அறுபதுக்கு மேல் போகவே இல்லை. ஏன் என்று கேட்டேன். கண்ணாடியைக் காட்டினான். வேன் தெரிந்தது.

“அப்பா அறுபதுக்கு மேல் ஓட்டமாட்டார், ஃபாதர்” என்றான்.