தொட்டிலைத் தாண்டிய பிள்ளைகள்



தத்தெடுப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைப் பேசப் புதுச்சேரிக்காரனுக்குத் தனி உரிமை உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1963 அக்டோபரில் அது நம் ஊருக்கு வந்தபோது கூடவே ஒரு வரியும் வந்தது: புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ரெனோன்சான்கள் யாரென்று இளைஞர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, பிறந்த சாதி மதத்தின் குடும்ப வழக்கங்களை எழுதிக்கொடுத்துத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்கள். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் ஆனது அந்தக் கதைதான். அவர்கள் பேரன் பேத்திகள் இந்த அரங்கிலேயே நாலைந்து பேர் இருப்பீர்கள்.

அந்தப் பிரெஞ்சு சட்டத்தில் தத்து எப்படி இருந்தது? நெப்போலியன் காலத்து 1804ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயதுக்கு வந்தவரை மட்டுமே தத்தெடுக்க முடியும். முதல் உலகப் போர் வந்து, அப்பாக்கள் திரும்பி வராத பிள்ளைகள் ஊர் ஊராகத் தேங்கிய பிறகுதான், 1923இல் சிறு பிள்ளைகளுக்கும் வழி விட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் என்ன? கொள்ளி வைக்க ஒரு பையன், சொத்தை ஆள ஒரு பையன். பெண்ணைத் தத்தெடுக்கப் பொதுவான இந்து சட்டத்தில் 1956 வரை இடமில்லை. கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1923க்கு முன் இந்த ஊரில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி திக்கற்று நின்றிருந்தால், வெள்ளைக்காரன் சட்டத்துக்கும் அவள் வேண்டாம், நம் சட்டத்துக்கும் அவள் வேண்டாம்.

சட்டங்கள் மாறிவிட்டன. அந்த எட்டு வயதுப் பெண் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

தத்தெடுப்பை நடத்தும் மத்திய அமைப்பைக் காரா என்கிறோம். அது சொல்லும் கணக்கின்படி 2024-25இல் நாடு முழுக்க 4,515 பிள்ளைகளுக்கு வீடு கிடைத்தது. அதில் 4,155 பேர் இந்தியாவுக்குள்ளேயே. மீதி 360 பேர் கடல் கடந்து போனார்கள். இதே நேரத்தில் பதிவு செய்துவிட்டு வரிசையில் நிற்கும் பெற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேல். மூன்று வருஷம், மூன்றரை வருஷம் காத்திருக்கிறார்கள். இத்தனை வீடுகள் காத்திருக்கும்போது இல்லங்களில் ஏன் பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள்? வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தையை. "வெவரம் தெரிஞ்ச பிள்ள ஒட்டாதுங்க" என்பார்கள். இதை என்னிடம் சொல்லாத பாண்டிக் குடும்பம் குறைவு. படித்தவர்கள் கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விதியிலேயே இந்த மனசு பதிந்திருந்தது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைக்கு 60 நாள் இந்தியக் குடும்பம் கிடைக்கவில்லை என்றால் வெளிநாட்டுக் குடும்பத்துக்குக் காட்டலாம் என்று இருந்தது. ஐந்தைத் தாண்டிவிட்டாலோ அண்ணன் தங்கையாக இருந்தாலோ 30 நாள். ஊனம், நோய் என்றால் 15 நாள். எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காத்திருந்தாலும் ஒருவரும் வரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைக்குத்தான் நாள் வீணாகும் என்று எழுதினார்கள்.

அப்படி வெளிநாட்டுக்குக் காட்டப்பட்ட அண்ணன் தங்கை இருவரை எனக்குத் தெரியும். நான் பிரெஞ்சு வாத்தியார். ஒரு நாள் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள்: பிரான்சிலிருந்து தம்பதி வந்திருக்கிறார்கள், பிள்ளைகளோடு பேச ஆள் வேண்டும், வர முடியுமா? பிரெத்தாஞ் பக்கத்து மனிதர்கள். சொந்த ஊரில் தெப்பார்த்மான், அதாவது மாவட்ட, அலுவலகத்தில் விசாரணைக்கெல்லாம் உட்கார்ந்து, தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று ஒப்புதல் வாங்கி, தாள் மேல் தாளாகக் கட்டு அனுப்பி, காத்திருந்து வந்தவர்கள். அவர்கள் வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு ஒரு ஆல்பம் வந்திருந்தது. வீடு, நாய், பள்ளிக்கூடம், தாத்தா பாட்டி, இரண்டு படுக்கையறை. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் யாரோ தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

பையனுக்கு ஒன்பது வயது. ஆல்பத்தை மனப்பாடமாக வைத்திருந்தான். தங்கைக்கு ஆறு. அவள் வாயே திறக்கவில்லை. அந்தம்மாவின் கைப்பை ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பையன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"இவளுக்குத் தனி ரூமுன்னு போட்டிருக்கே சார். ராத்திரி எழுந்திரிச்சான்னா யாரு கூட இருப்பா?"

நான் மொழிபெயர்த்தேன். தம்பதி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தம்மா பேனாவை எடுத்து, பையன் அறைப் படத்தின் மேலேயே இன்னொரு கட்டில் வரைந்தார். பையன் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஜன்னல் பக்கம் அவளுக்கு" என்றான். எனக்குத் தெரிந்தவரை, தத்து உறுதியானது அந்த நிமிஷத்தில்தான். மற்றதெல்லாம் முத்திரை.

கிளம்பும் நாளில் பையன் இன்னொன்றும் கேட்டான். பிள்ளைகளின் அம்மா இறந்துபோனவள். கோப்பில் அவளுடைய ரேஷன் கார்டு நகல் ஒன்று இருந்தது. நகலுக்கு நகல் எடுத்து முகம் கறுப்பு மையாகிவிட்டது. நெற்றியும் தோடும்தான் தெரிந்தன. அதைக் கொடுங்கள் என்றான். இல்லத்துக் கணக்குப்பிள்ளை, கோப்பில் இருப்பதைக் கொடுக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே நின்றார். கடைசியில் இன்னொரு நகல் எடுத்துக் கொடுத்தார்கள். மை இன்னும் கொஞ்சம் கூடியது.

இதை நான் ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், கைக்குழந்தைக்கும் பெரிய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தாள்தான். பெரிய பிள்ளை தனியாக வருவதில்லை. செத்துப்போன அம்மாவோடு வருகிறது, தங்கையோடு வருகிறது, ஒரு தெருவோடும் ஒரு ஊர்ப்பேச்சோடும் வருகிறது. பிள்ளை மட்டும் போதும், மற்றதை வாசலில் விட்டுவிட்டு வா என்றால் அது நடக்காது. நம் ஆட்கள் "ஒட்டாது" என்று பயப்படுவதும் அதைத்தான்.

சட்டம் ஒட்ட வைக்கும், அதில் சந்தேகமில்லை. பிரான்சின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முழுத் தத்து முடிந்ததும், நாந்த் பதிவகத்தில் பிள்ளைக்குப் புதிய பிறப்புப் பதிவு எழுதுகிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா வீட்டுக்காரர்களுக்கு நாந்த் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பாதி ஊரின் பிறப்புச் சான்று அங்கேதான் கிடக்கிறது. புதிய பதிவில் பெற்றவள் பெயர் இருக்காது. மொழியும் அதே போலப் போய்விடுகிறது. 2003இல் பாரிசில் கிறிஸ்டோஃப் பாலியே குழுவினர், மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிரெஞ்சு வீடுகளுக்குத் தத்துப்போன கொரியர்களை வளர்ந்த பிறகு சோதித்தார்கள். மூளையைப் படமெடுத்துக்கொண்டே கொரிய வாக்கியங்களைக் கேட்க வைத்தார்கள். கொரியமே அறியாத பிரெஞ்சுக்காரர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எட்டு வயது வரை பேசிய தாய்மொழி! நான் சொன்ன பையனோடு சில மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினேன். சுத்தமான பிரெஞ்சில் பதில் சொன்னான். வாத்தியாராக எனக்குக் குறையில்லை.

ஆனால் மொழி போனாலும் நினைவு போவதில்லை. சாரூ பிரையர்லியை உங்களில் பலர் 'லயன்' படத்தில் பார்த்திருப்பீர்கள். காண்ட்வாவில் பிறந்த பையன் ஐந்து வயதில் ரயிலில் தூங்கிப்போய்க் கல்கத்தாவில் தொலைந்தான். 1987இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தத்துப்போனான். இந்தியை மறந்தான். தண்ணீர்த் தொட்டி, ரயில் நிலையத்துப் பாலம் இரண்டும் மறக்கவில்லை. கூகுள் எர்த்தில் தண்டவாளம் தண்டவாளமாகத் தேடி, 2012இல் பெற்றவள் வாசலில் போய் நின்றான். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது கூகுள் இல்லை. வளர்த்த அம்மா அவன் படுக்கையறைச் சுவரில் இந்திய வரைபடத்தை மாட்டி வைத்திருந்தார். பிள்ளை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டு பயப்படாத அம்மா. அப்படி ஒருவர் வேண்டும்.

இருட்டுப் பக்கத்தையும் சொல்லாமல் இறங்கக் கூடாது. 1999இல் சென்னைப் புளியந்தோப்பில் தெருவோரம் தூங்கிய குடும்பத்திலிருந்து ஒரு குழந்தை காணாமல் போனது. 2005இல் போலீஸ் ஒரு தத்து நிறுவனத்தைத் தோண்டியபோது, திருடி வந்த பிள்ளைகள் விலைபேசி வெளிநாட்டுக்குப் போனது வெளியே வந்தது. இந்தக் குழந்தை நெதர்லாந்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பெற்றோர் நெதர்லாந்து வரை போய், டிஎன்ஏ சோதனை செய்யுங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். உத்தரவு கிடைக்கவில்லை. பிள்ளைக்காகக் கடல் கடந்த பயணம் என்றதும் வெள்ளைக்காரத் தம்பதிகள்தான் நம் கண்ணுக்கு வருகிறார்கள். புளியந்தோப்புக் குடும்பம் போன பயணமும் அதே கணக்கில்தான் சேரும். இலங்கையிலிருந்து எழுபது, எண்பதுகளில் ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் பதினோராயிரம் வரை இருக்கும். பொய்த் தாய்களை நிறுத்திக் கையெழுத்து வாங்கிய கதைகள் அதில் எத்தனையோ. 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பகவதி விதிமுறை வகுத்ததும், 2003இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்ததும் இந்தச் சந்தையை அடைக்கத்தான்.

இப்போது வாங்குகிற நாடுகளே கதவை மூடுகின்றன. நெதர்லாந்து 2021இல் இடைநிறுத்தியது. அனுப்பும் பக்கத்தில் சீனா 2024இல் நிறுத்தியது. அமெரிக்காவுக்கு 2004இல் சுமார் 23,000 பிள்ளைகள் போனார்கள்; 2023இல் 1,275. பிரான்சுக்கு 2005இல் நாலாயிரத்துக்கும் மேல்; இப்போது அதில் ஒரு சிறு பங்குதான். திருட்டு நிற்குமானால் நல்லதுதான். ஆனால் நாம் ஒதுக்கிய எட்டு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்ள இதுவரை பிரெத்தாஞ்சிலிருந்து யாரோ விமானம் ஏறி வந்தார்கள். இனி வர மாட்டார்கள். அந்தப் பிள்ளை பதினெட்டு வயது வரை இல்லத்திலேயே இருந்து, ஒரு பெட்டியோடு வெளியே வரும். இதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் இன்று நான் கேட்க வந்தது.

நம்மால் முடியாததில்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு இல்லத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகள், அப்போது கலெக்டராக இருந்த ராதாகிருஷ்ணனை அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தார்கள். மாற்றலாகிப் போன பிறகும் அவர் வந்து போய்க்கொண்டிருந்தார். 2022இல் அதில் ஒரு பெண்ணின் கல்யாணத்தை முன்னின்று நடத்தி வைத்தார். சட்டப்படி அது தத்து இல்லை. தத்தெடுத்தவர்கள் எல்லோரும் அத்தனை தூரம் வருகிறார்களா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

அரங்கில் ஐம்பதைத் தாண்டிய தம்பதிகள் நிறைய இருக்கிறீர்கள். கைக்குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி வயதின் கூட்டுத்தொகை 85க்குள் இருக்க வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 110 வரை விடுகிறார்கள். தனியாக இருக்கும் பெண்ணும் எடுக்கலாம், அந்தப் பிரிவில் 55 வயது வரை. ஓய்வுபெறப் போகும் டீச்சர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். தத்து பெரிய முடிவு என்று தயங்கினால் வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 2024 வழிகாட்டுதல்படி இரண்டு வருஷம் கூட வைத்து வளர்த்த பிறகு தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பதிவு செய்து காத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போனதும் வயதுப் பிரிவைத் திறந்து பாருங்கள். பூஜ்யம் முதல் இரண்டு என்று இருந்தால், இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

சுலபம் என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். முதல் சில மாதம் தலையணைக்கடியில் பிஸ்கட் பாக்கெட் கிடக்கும். உங்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் "நீ எங்கம்மா இல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லும். சொல்லட்டும், அது உண்மைதானே. அந்த அம்மாவின் பெயரை வீட்டில் சொல்ல இடம் கொடுங்கள். பெயரை மாற்றாதீர்கள். அண்ணன் தங்கையைப் பிரிக்காதீர்கள். இல்லம் நடத்துகிறவர்கள் வந்திருந்தால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: நகலுக்கு நகல் எடுக்காமல், கிடைக்கிற புகைப்படத்தை அன்றைக்கே நல்லபடியாக எடுத்து வையுங்கள். பதினெட்டு வயது ஆனதும் வேர் தேடிக் கேட்க விதியில் இடமிருக்கிறது. கேட்டு வரும்போது கோப்பில் முகம் இருக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தக் கடைசி வரிசையில் ஓர் அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார்கள். தம்பி, மைக்கை அவங்ககிட்ட கொண்டுபோய்க் கொடுப்பா.