பூப்பாறைச் சாலை முடியும் இடம்



பூப்பாறைக் கடைத்தெரு வழியாக ஒரு பெரிய சாலை போகிறது. மூணாறிலிருந்து வருகிறது. போடிமெட்டுக்குப் போகிறது. உடும்பஞ்சோலை வட்டத்தில் ஏலத்தோட்ட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சாலை. போடிப் பக்கத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து வேலைக்கு வரும் பெண்களும் இந்தச் சாலையில்தான் மலை ஏறுகிறார்கள்.

இந்தச் சாலை எங்கே தொடங்குகிறது? கொச்சியில். எங்கே முடிகிறது? ராமநாதபுரம் மாவட்டம் தொண்டியில். இதன் பெயர் தேசிய நெடுஞ்சாலை 85. ஒரு முனையில் அரபிக் கடல். மறு முனையில் பாக் விரிகுடா. நடுவில் ஏலமலை. வாசலில் ஓடும் சாலையின் இரண்டு நுனியிலும் கடல் இருக்கிறது. ஆனாலும் கடலைப் பார்க்காமலே வயதாகிப் போனவர்கள் மலையில் எத்தனையோ பேர்!

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மாமியார் நாற்பது வருடம் ஏலக்காய் எடுத்தவர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். குனிந்துதான் எடுக்க வேண்டும். மழை ஈரம். அட்டைக் கடி. முதுகு வளைந்துவிட்டது. மாசி மாதம் எடுப்பு ஓய்கிறது. அப்போது மருமகள் மெல்லக் கேட்கிறாள்.

“அத்தை, ரெண்டு நாள் கடலுக்குப் போயிட்டு வருவமா?”

“கடலுக்கா? அங்கிட்டு நமக்கு யாரு இருக்கா? நேர்த்திக்கடன் ஏதும் இருக்கா?”

“ஒண்ணும் இல்ல அத்தை. சும்மா போய் உக்காந்துட்டு வர.”

“சும்மா உக்கார யாராச்சும் காசு செலவழிச்சுப் போவாகளா?”

இது அந்த மாமியார் ஒருவரின் கேள்வி அல்ல. கல்யாணம், காதுகுத்து, துக்கம், கோயில். இவற்றுக்குத்தான் உழைக்கும் மக்கள் லீவு போடுகிறார்கள். ஓய்வுக்காக லீவு போடுவது வசதி உள்ளவர்கள் பழக்கம் என்று நினைக்கிறார்கள். ஆனால் 1951 ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. பெரியவர்களுக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை என்று அந்தச் சட்டம் எழுதி வைத்தது. உழைத்தவருக்கு ஓய்வு கடன்பட்டது என்று சட்டம் செய்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

சரி, எங்கே போவது? கூட்டம் நெரியும் கடற்கரை வேண்டாம். தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே போனால் காரங்காடு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. சின்ன ஊர். அமைதியான ஊர். போவது கடினம் இல்லை. போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போடி. 2010 முடிவில் நின்றுபோன போடி ரயில், 2023 ஜூன் மாதம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதில் மதுரை போகலாம். மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டி. பலகையைப் படித்துப் பஸ் ஏறலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். காற்றுக் காலம் தவிர மற்ற நாளில் பெரிய அலை இருக்காது. காரங்காட்டில் கடலோரச் சேற்றில் ஒரு காடு நிற்கிறது. அதுதான் அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே படகு விடுகிறார்கள். காட்டுக்குள் உள்ள வாய்க்கால் வழியாகப் படகு கடலுக்குப் போகிறது. இரு பக்கமும் பச்சை மரம். கொக்கும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும். திரும்பி வந்தால் ஊர்ப் பெண்கள் மீனும் நண்டும் சமைத்துத் தருகிறார்கள். அந்த வருமானம் அவர்களுக்கே உதவுகிறது.

சேற்றில் குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அந்த மரத்தின் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. அதை மிதிக்கக் கூடாது. நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் அந்த வேர்களுக்கு நடுவில்தான் வளர்கின்றன. ஏலத்தோட்டக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிழல் மரம் போனால் ஏலம் வாடும். அலையாத்தி போனால் நண்டு குறையும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அப்போது கடலூர் மாவட்டம் பிச்சாவரத்தில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது உடும்பஞ்சோலை மக்களுக்கு நன்றாகத் தெரியும். 2022 அக்டோபர் மாதம் சாந்தன்பாறைப் பஞ்சாயத்தில் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. மலையே நீலமானது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். பலர் பார்த்து மகிழ்ந்தார்கள். சிலர் பூவைப் பறித்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள், கடலோரம் போகும்போது அந்த எரிச்சலையும் கொஞ்சம் நினைவில் கொண்டு போகலாம். கரையில் காயும் வலை ஒரு குடும்பத்தின் சோறு. சுற்றிப் போக வேண்டும். குடிசை வாசலில் போய் நின்று போட்டோ எடுப்பதும் அழகல்ல. லயத்து வாசலில் வந்து யாரோ எடுத்தால் எப்படி இருக்கும்?

இன்னொன்றை மறக்கவே கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் போனதும் ஒரு காரணம் என்று அப்போது சொன்னார்கள். பயணிகள் மிதவைச் சட்டை போட்டிருக்கவில்லை. அதனால் படகில் ஏறும் முன்பே மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்குங்கள். வாரைக் கட்டுங்கள். படகு ஓடும்போது எழுந்து நிற்காதீர்கள். “கொஞ்சம் நெருங்கி உக்காருங்க” என்று கூடுதலாக ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். அலை இல்லாத கடல்தானே என்று பிள்ளைகளைத் தனியாக நீரில் விடவும் வேண்டாம். ஆழம் குறைந்த நீரில் திருக்கை மீன் மணலோடு மணலாகப் படுத்திருக்கும். மிதித்தால் முள்ளால் குத்தும். வலி தாங்காது. எங்கே இறங்கலாம் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

அந்த மாமியார் கடைசியில் புறப்பட்டு விடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள முதலில் வெட்கம். படகு வாய்க்காலில் மெதுவாகப் போகிறது. படகுக்காரர் ஓர் அலையாத்தி இலையைக் காட்டி, “ஆத்தா, இத நாக்குல வச்சுப் பாருங்க” என்கிறார். அந்த மரம் குடித்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளும்.

“உப்புக் கரிக்குது தம்பி!”

அப்புறம் அவர் பேசவில்லை. மரங்கள் விலகின. கடல் வந்தது. வளைந்த முதுகைப் படகின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஏறுகிறது. ஜன்னலில் குளிர்காற்று. பாதி மலையில் மாமியார் கேட்கிறார்:

“ஏத்தா, வர்ற வருசம் எடுப்பு எப்ப முடியும்?”