அரக்குத் தட்டில் எஞ்சிய பெயர்கள்



ஏட்டுச்சுவடிகளையும் நூற்பதிப்புகளையும் பற்றிப் பேசிப் பழகிய இந்த அவையில், இன்று இசைத்தட்டுகளைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். தொடக்கக் கால இசைத்தட்டுகளில் பாடிய யூதப் பாடகர்களின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது எத்துணை இடர்ப்பாடு உடையது என்பதே என் பொருள். பாட்டைக் கொண்டே புலவனின் ஊரையும் காலத்தையும் கணித்துப் பழகிய நமக்கு இவ்விடர் புதிதன்று.

1492-இல் ஸ்பெயின் நாட்டினின்று துரத்தப்பட்ட யூதருள் பலர் உதுமானியப் பேரரசில் குடியேறினர். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இஸ்தான்புல், எதிர்னே, சலோனிகா ஆகிய நகரங்களில் அவர்கள் வீட்டில் பேசியது லதினோ என்னும் பழைய ஸ்பானிய மொழியே. அதன் கதைப்பாடல்கள் பெண்களின் வாய்மொழியில் வாழ்ந்துவந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் இசைத்தட்டு நிறுவனத்தார் பதிவுக் கருவிகளுடன் அந்நகரங்களுக்கு வந்தனர். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே தாங்கும்; நெடிய கதைப்பாடல்கள் குறுகின. அத்தட்டுகளுக்கான அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்து சென்றது என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

அப்படிப் பாடியவருள் ஒருவர் ஹாயிம் எஃபெந்தி. 1853-இல் எதிர்னேயில் பிறந்தவர். அவர் குரல் தட்டில் ஏறத் தொடங்கியபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. லதினோ, எபிரேயம், துருக்கி ஆகிய மொழிகளில் பாடினார். 1938-இல் கெய்ரோவில் மறைந்தார். ‘எஃபெந்தி’ என்பது குடும்பப் பெயரன்று. நம் ‘ஐயா’ போன்றதொரு மரியாதைச் சொல். ‘ஹாயிம் ஐயா’ என்ற ஒன்றையே கைப்பிடியாகக் கொண்டு ஒரு மனிதரைத் தேடுவதென்றால் எண்ணிப் பாருங்கள். 2008-இல்தான் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூத இசை ஆய்வு மையம் அவருடைய பதிவுகளைத் தொகுத்து, விரிவான ஆய்வுரையுடன் வெளியிட்டது. அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தகைய ஆய்வில் முதற்சான்று மேட்ரிக்ஸ் எண். தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளை ஒட்டி அரக்கிலேயே பதிந்திருப்பது அது. பதிவு செய்த வரிசையில் இடப்பட்ட எண்ணாதலால், நாள் தெரிந்த வேறொரு தட்டின் எண்ணோடு ஒப்பிட்டுக் காலத்தைக் கணிக்கலாம். அடுத்தது நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல். அதன்பின் செய்தித்தாள் விளம்பரம். கடைசியில்தான் உறவினரின் நினைவு. எண் பொய் சொல்வது அரிது. மனிதர் அப்படியல்லர்.

ரோசா எஸ்கெனாசி அதற்குச் சான்று. இஸ்தான்புல்லில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, சலோனிகாவில் வளர்ந்து, ஏதென்ஸில் புகழ்பெற்ற ரெபெத்திகோ பாடகி. 1929 அளவில் தட்டுகளுக்குப் பாடத் தொடங்கி நூற்றுக்கணக்கான பாடல்களைத் தந்தார். தாம் பிறந்தது 1910-இல் என்று சொல்லிக்கொண்டார். ஆய்வாளர்கள் அதை 1890-களின் நடுப்பகுதிக்குத் தள்ளுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளை ஒரு பெண் தம் வாழ்விலிருந்து அழித்திருக்கிறார். அந்த ஆண்டுகளில் நடனமாடிப் பிழைத்த வறுமையும், இளமையிலேயே கணவரை இழந்த துயரமும், வளர்க்க வழியின்றிக் காப்பகத்தில் ஒப்படைத்த மகனும் இருந்தனர்.

ஆய்வாளன் இவ்விடத்தில் என்ன செய்வது? அவர் மறைத்ததை நாம் திறக்கலாமா? சிலர் கூடாதென்பர். என் கருத்து வேறு: திறக்கலாம், ஆனால் குற்றப்பத்திரிகை போல் எழுதக்கூடாது. அவர் சொன்ன ஆண்டையும் ஆவணம் காட்டும் ஆண்டையும் அருகருகே வைக்கவேண்டும். ஒரு பாடகி தம்மை எவ்வாறு படைத்துக்கொண்டார் என்பதும் வரலாறுதானே?

பொய்யே உயிர் காத்த காலமும் வந்தது. கிரேக்கம் செருமானியர் வசமானபோது, பொய்யாகப் பெற்ற ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றே அவருக்குக் கவசமாயிற்று. அத்தாளை மட்டும் நம்பும் ஆய்வாளன் அவரைப் பிறவிக் கிறித்தவர் என்று எழுதிவிடுவான். 1943-இல் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். அதே ஆண்டில் சலோனிகாவிலிருந்து நாற்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் தொடர்வண்டிகளில் அடைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். பெரும்பாலோர் சென்று சேர்ந்தது ஆஷ்விட்சு. 1917-ஆம் ஆண்டுத் தீ முன்பே அந்நகரின் தொழுகைக்கூடங்களையும் நூலகங்களையும் விழுங்கியிருந்தது. ஏடும் இல்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை என்னும் நிலையில், ஆய்வாளன் மீண்டும் அரக்குத் தட்டிடமே வந்து நிற்கிறான்.

வார்சா நகரின் புகழ்பெற்ற தொழுகைப் பாடகர் கெர்ஷோன் சிரோட்டாவின் முடிவும் அவ்வாறே. உலகப் பயணங்கள் செய்து பாடியவர். 1943-இல் வார்சா கெட்டோவில் குடும்பத்துடன் மாண்டார். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அவர் பதிந்த தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

ரோசா 1980 டிசம்பரில் மறைந்தார். கொரிந்து பகுதியிலுள்ள ஸ்தோமியோ என்னும் சிற்றூரில் புதைத்தார்கள். அடையாளக் கல்கூட இல்லை. 2008-இல் ஊரார் பணம் திரட்டி ஒரு கல் நட்டனர். அதில் அவர் பெயரும், ‘கலைஞர்’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன.