சிலேசியக் கழுகு



முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் 1918 நவம்பரில் பேரரசர் முடி துறந்தார். ராணுவமும் கலைந்துகொண்டிருந்தது. கிழக்கு எல்லையில் துப்பாக்கி ஏந்தி நின்றவை ஃப்ரைகோர் என்னும் தன்னார்வத் துணைப்படைகள். வேலையற்ற முன்னாள் சிப்பாய்களும் மாணவர்களும் அவற்றில் சேர்ந்தார்கள். அவர்களை மெச்சிப் பதக்கம் குத்த அரசர் இல்லை. எனவே 1919 ஜூனில், போலந்தை ஒட்டிய சிலேசியாவின் ப்ரெஸ்லாவ் நகரிலிருந்த ஆறாம் படைப்பிரிவின் தளபதி ஃபிரீடபுர்க் தாமே 'சிலேசியக் கழுகு' என்ற பதக்கத்தை நிறுவினார். ஆகஸ்டில் வந்த புதிய குடியரசின் வைமார் அரசியல் சட்டத்தின் 109ஆம் பிரிவோ, அரசு விருதுச் சின்னங்களே வழங்கக் கூடாது என்றது.

மூன்று மாதப் பணிக்கு இரண்டாம் வகுப்பு, ஆறு மாதத்துக்கு முதல் வகுப்பு. தனிச்சிறப்பாகச் செயல்பட்டவர்களுக்கு ஓக் இலையும் குறுக்கு வாள்களும் கூடுதலாகச் சேரும். அரிய வகை அதுதான்.

கறுத்த உலோகத்தில் சிறகு விரித்த கழுகு. நெஞ்சின் குறுக்கே ஒரு பிறை, அதன் நடுவில் சிறு சிலுவை. கீழே 'சிலேசியாவுக்காக' என்ற வாசகம். இந்தக் கழுகு தளபதியின் கற்பனை அல்ல. இடைக்காலத்தில் சிலேசியாவை ஆண்ட பியாஸ்ட் குலத்தவரின் சின்னம் அது. பியாஸ்ட்களோ போலந்தின் முதல் அரச வம்சம்! சிலேசியாவைப் போலந்தோடு இணைக்கப் போராடிய போலந்துக் கிளர்ச்சியாளர்களைச் சுட்டவர்கள், போலந்து அரச குலத்தின் கழுகையே மார்பில் தாங்கினார்கள். எனக்கு இது வேதனையாகவே இருக்கிறது. ஜெர்மன், போலிஷ் மொழிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த மண் அது.

மேல் சிலேசியா ஜெர்மனிக்கா, போலந்துக்கா என்று 1921 மார்ச்சில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 60 சதவீதம் பேர் ஜெர்மனிக்கு வாக்களித்தார்கள். மே மாதம் போலந்துக்காரர்களின் மூன்றாவது கிளர்ச்சி வெடித்தது. மே 21 அன்று ஃப்ரைகோர் படைகள் அன்னாபெர்க் குன்றைப் பிடித்தன. இரு தரப்புக் கத்தோலிக்கரும் யாத்திரை போகும் புனித அன்னாள் திருத்தலம் அந்தக் குன்றின் மேல்தான் இருக்கிறது. அவ்வளவு ரத்தம் சிந்தியும், பிரதேசத்தை இரண்டாகப் பிரிக்க அக்டோபரில் முடிவானது. சுரங்கங்களில் பெரும்பகுதி போலந்துக்குப் போனது.

ஃப்ரைகோர் பதக்கங்கள் பல இருந்தாலும், பின்னாளில் ஹிட்லர் அரசு பால்டிக் சிலுவை என்ற பதக்கத்தையும் இந்தக் கழுகையும் மட்டுமே அணிய அனுமதித்தது. அன்னாபெர்க்கில் மாண்ட ஃப்ரைகோர் வீரர்களுக்கு 1938இல் கல்லறை மண்டபமும் எழுப்பியது. 1945இல் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று அங்கே நிற்பது போலந்துக் கிளர்ச்சியாளர்களின் நினைவுச் சின்னம்.