வரைபடத்தில் நம்ம வழியும் இருக்கட்டும்



கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் பிச்சாவரம். படகில் போய்ச் சுற்றிப் பார்த்திருப்பீங்க. அந்த அலையாத்திக் காட்டில் பெரும்பகுதி பட்டுப்போன கதை தெரியுமா?

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970கள் வரை பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து, தரை தாம்பாளம் மாதிரி குழிந்தது. உள்ளே வந்த கடல் தண்ணி வெளியேறாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிப்போச்சு. வடிகால் இல்லாத வயல் என்னாகும்னு டெல்டாக்காரங்க நமக்குச் சொல்லணுமா?

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து காட்டைச் சீர்செய்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் பட்ட இடங்களைக் குறித்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் ஏறும்போது தண்ணி வந்தது, இறங்கும்போது வடிந்தது. கரையில் நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 சுனாமியில் பின்னாலிருந்த ஊர்களுக்கு அந்தக் காடு அரணாக நின்றது. 2022-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒன்று. வானத்துப் படம் பட்ட மரத்தைக் காட்டும். எந்தச் சேற்றில் பெண்கள் இறால் தடவுறாங்க, எந்த வழியாக நண்டுக்குப் போறாங்கன்னு காட்டாது. எல்லைக்கோடு போட்ட பிறகு கேட்டால், "உள்ளே வராதே" என்பதுதான் பதிலாக இருக்கும்.

நாளைக்குப் பழையாறு, திருமுல்லைவாசல் பக்கம் வரைபடம் போட வந்தால், நாம முன்னாடியே தயாராக இருக்கணும். ஒவ்வொரு குழுவும் தங்கள் வழி, வாய்க்கால், பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரையுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அதை வைத்துத் தீர்மானம் கேளுங்கள். காடும் பிழைக்கணும், நம்ம அடுப்பும் எரியணும்.